ஓட மறுக்கும் மாவு மில்

(சைதாப்பேட்டையில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மயிலாப்பூர் மாட வீதிகளை அடுத்த சந்து ஒன்றில் மாவு மில் ஓடவில்லையென்றால் எவருக்கும் பெரிய கஷ்டமில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். தியாகராய நகரில் கடைக்குக் கடை மாவைப் பொட்டலமாகவே விற்கிறார்கள். நம் கிராமங்களின் நிலை அதுவன்று. ஊருக்கு ஒரு மில் இருந்தாலே அதிகம். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் வாரத்தில் அது நின்றுபோனால், கேழ்வரகைச் சுமந்துகொண்டு பெண்கள் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். மோட்டார் கருகிவிட்டாலோ, காயில் கட்டி வருவதற்குள் குழுவின் சேமிப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

மோட்டார் கருகுவதற்குப் பெரும்பாலும் அதன் குறைபாடு காரணமன்று. ஓட மறுக்கும் மோட்டாரை வற்புறுத்தி ஓட்ட முயல்வதே காரணம். ஆகவே, பொத்தானை ஒரு முறை அழுத்தியும் ஓடவில்லையென்றால் இரண்டாம் முறை அழுத்துமுன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

“விளக்கு எரிகிறதே, கரண்ட் இருக்கிறதே” என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. விளக்கு எரிய ஒரு முனை போதும். மில் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் தேவை. மூன்றில் ஒரு முனையின் பியூஸ் போயிருந்தாலும் விளக்கு எரியும். மோட்டார் மட்டும் சுழலாமல் நின்ற இடத்திலேயே உறுமும். அந்த உறுமலைக் கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். நின்றபடி உறுமும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சூடேறுகிறது. சிலர் பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டு மோட்டாரைச் சுழலச் செய்கிறார்கள். சில வேளை அது சுழலவும் செய்யும். விரல் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையே போகாமலிருந்தால் அன்று தப்பினார்கள். மோட்டார் தப்புவது அரிது. இரண்டு முனையில் கண்டென்சர் போட்டுப் பம்புசெட்டு ஓட்டிப் பழகியவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பழக்கத்தை மில்லுக்குக் கொண்டுவர வேண்டாம்.

டெஸ்டரை மட்டும் நம்புவதும் சரியன்று. ஸ்டார்ட்டர் பிடித்திருக்கும்போது, உயிரற்ற முனையிலும் மோட்டாரின் காயில் வழியாக மின்சாரம் திரும்பி வந்து டெஸ்டர் எரியக்கூடும். முதல் முனைக்கும் இரண்டாவதற்கும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும், மூன்றாவதற்கும் முதலாவதற்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தாலே உண்மை தெரியும். மூன்று அளவுகளும் 415 வோல்ட்டை ஒட்டியிருக்க வேண்டும். இதை வயர்மேன் செய்யட்டும். நாம் அவரைக் கேட்டு அளவைக் குறித்துக்கொள்வோம்.

மூன்று முனையும் இருந்து வோல்ட் குறைந்திருந்தாலும் மில் கிளம்பாது. 415 வோல்ட் வேண்டிய இடத்தில் 330 மட்டும் வந்தால், ஐந்தில் நான்கு பங்குதான் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாகாது. மோட்டாரின் திருகு விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராயின் தொடக்கத்தில் கிடைப்பதே நேரடி விசையில் மூன்றிலொரு பங்கு. அதிலும் குறைந்தால் கல் எப்படி நகரும்?

அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ மாவு மில்லுக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். யந்திரம் வெறுமனே ஓடி வேகம் பிடித்த பிறகே அரைப்பவர் தானியத்தைச் சிறிது சிறிதாக விடுகிறார்; நிறுத்துமுன் உள்ளே இருப்பதை அரைத்து முடிக்கிறார். நம் ஊர்களில் மின்சாரம் நடுவில் போய்விட்டால், உள்ளே இருக்கும் தானியத்தோடே மறுபடி கிளப்பப் பார்க்கிறோம். அரைபட்ட மாவு மழைக்கால ஈரத்தில் இறுகிக் கல்லைப் பிடித்துக்கொண்டால் எந்த மோட்டாரும் அசைக்காது. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பின், கல்லின் இடைவெளியைத் தளர்த்தி, கப்பியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் யந்திரத்தில் தடையில்லை. சுற்றாவிட்டால் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியே சுற்றுங்கள். பேரிங் இறுகியிருக்கிறதா, கல் இறுகியிருக்கிறதா என்பது அப்போதே விளங்கிவிடும். செலவில்லாத சோதனை இது.

பொத்தானை அழுத்தும்போது பிடித்து, கையை எடுத்தவுடன் ஸ்டார்ட்டர் விழுந்துவிடுவதும் உண்டு. அதன் உள்ளிருக்கும் காயிலுக்குப் போதிய வோல்ட் இல்லை, அல்லது உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது என்று பொருள். இங்கேதான் ஈர்க்குச்சியும் தீப்பெட்டி அட்டையும் வெளியே வருகின்றன. பொத்தானை அப்படி அடைத்து வைத்தால், போன மின்சாரம் திரும்பி வரும்போது மில் தானாகவே கிளம்பும். அந்நேரம் ஒருவர் உள்ளே கைவிட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊர் மில்லில் அத்தகைய குச்சி இருந்தால், ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எடுத்தெறியச் சொல்லுங்கள். பியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி போடுவதும், ஓவர்லோடு திருகை மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் ஏற்றுவதும் அதே ரகம்.

ஒரே மாதத்தில் பல முறை வோல்ட் குறைந்தால் அது மில்காரரின் பிரச்சினை மட்டுமன்று. அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள பம்புசெட்டுகளும் துன்பப்படும். தேதி, நேரம், வோல்ட் ஆகியவற்றை எழுதி, மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் ஊராட்சியின் பெயரால் கொடுங்கள். 2021இல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்திலும் பதிவு செய்து பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகாருக்கு ஆயுள் குறைவு.

இறுதியாக வெள்ளம். நாம் அமர்ந்திருக்கும் இந்தச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டதை நீங்கள் அறிவீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் தண்ணீர் நின்றது. நீரில் மூழ்கிய மோட்டார் வெளியே காய்ந்து தோன்றினாலும் உள்ளே ஈரமாயிருக்கும். பொத்தானை அழுத்தியவுடன் அது கருகும். எர்த் சரியில்லையென்றால் தொட்டவரின் உயிருக்கே ஆபத்து. மோட்டாரைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்தி, பேரிங்கின் பழைய கிரீசை மாற்றி, மெக்கர் கருவியால் சோதிக்க வேண்டும். காயிலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே ஒரு மெகா ஓமாவது காட்டாத மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கலாகாது. ஸ்டார்ட்டருக்கும் இதே சோதனை உண்டு. இரண்டு நாள் மில் மூடியிருக்கட்டும்; அந்த இரண்டு நாளும் அரைக்க எங்கே போவது என்பதைப் பக்கத்து ஊராட்சியுடன் மழைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

உங்களில் மில் நடத்தும் குழுவினர் இருப்பதாக அறிகிறேன். அவர்கள் முதலில் கேட்கட்டும்.