எமது பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்

(எமது நிதியத்தின் முன்பள்ளிப் பெற்றோர் ஒன்றுகூடலில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அன்பான உம்மாமார்களே, வாப்பாமார்களே, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் மூத்தவர்களே,

வழமையாக இந்தக் கூட்டத்தில் ஸகாத் உதவி, புத்தகப் பை, அடுத்த தவணைக் கட்டணம் என்று கதைத்துவிட்டுத் தேநீரோடு கலைந்து விடுவோம். இன்று வேறொரு விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற தவணை முடிவில் கல்விக் குழுவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் ஒரே கோரிக்கைதான். எமது முன்பள்ளியில் படிக்கும் ஆறு சிங்கள, தமிழ்ப் பிள்ளைகளை அடுத்த வருடம் சேர்க்க வேண்டாம், அல்லது வேறு வகுப்பில் வையுங்கள் என்பது அது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பிள்ளையின் தீன் பற்றிய கவலையில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. அதனால் இரண்டு வரியில் கடிதம் அனுப்பாமல், எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல நினைத்தோம்.

முதலில் எமது முன்பள்ளியில் படித்துப்போன ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அவனுக்கும் பக்கத்துச் சிங்கள வீட்டுப் பையனுக்கும் ஒரே வயது. கடைக்குப் பின்னால் உள்ள வெளியில் இரண்டு பேரும் பழைய சைக்கிள் டயர் உருட்டுவார்கள். இவனுடைய சிங்களமும் அவனுடைய தமிழும் அரைகுறை. ஆனால் டயர் உருட்டுவதற்கு அவ்வளவு மொழி தேவைப்படவில்லை. பிறகு முதலாம் தரம் வந்தது. ஒருவன் முஸ்லிம் பாடசாலைக்குப் போனான், மற்றவன் சிங்களப் பாடசாலைக்குப் போனான். சீருடை வேறு, வேன் வேறு, மொழி வேறு. நோன்புக்கு இவனுக்கு விடுமுறை என்றால் அவனுக்குப் பாடசாலை நாள். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் இவன் தன் உம்மாவிடம் கேட்டிருக்கிறான்: “உம்மா, அவன் நம்மட ஆளில்லையாம், மெய்யா?”

உம்மா என்ன சொல்வதென்று தெரியாமல், “சும்மா இரு மகன், சோத்தைத் தின்னு” என்றாராம். எங்களில் எத்தனை பேர் இதைவிட நல்ல பதில் சொல்லியிருப்போம்?

அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. யாரும் அவனை உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. இந்த விடயத்தை உலகில் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தைச் சேர்ந்த உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியினர் 1940களில் செய்த பொம்மைச் சோதனை பிரபலமானது. நிறத்தைத் தவிர மற்றெல்லாம் ஒரே மாதிரியான பொம்மைகளை 3 முதல் 7 வயதுவரையான கறுப்பினப் பிள்ளைகள் முன் வைத்து, எதனோடு விளையாட ஆசை என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் கவனத்தில் எடுக்கப்பட்டது. மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு பிள்ளை மூன்று வயதிலேயே படித்துக்கொள்ளத் தொடங்குகிறது.

ஆனால் அங்கே தோல் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. எமது நாட்டில் ஒரு சிங்களப் பிள்ளை, ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு முஸ்லிம் பிள்ளை மூன்றையும் ஒரே உடுப்புப் போட்டு நிறுத்தினால், யார் யார் என்று எங்களாலேயே சொல்ல முடியாது. நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பெயரை, மொழியை, தொப்பியை, சாப்பாட்டை வைத்து நாங்கள்தான் அடையாளம் காட்டிக் கொடுக்கிறோம். அதாவது அங்கே கண்ணில் தொடங்குவது இங்கே காதில் தொடங்குகிறது.

இன்னொரு சோதனை எமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் முன்பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சிவப்புச் சட்டையும் பாதிப் பேருக்கு நீலச் சட்டையும் கொடுத்தார்கள். எந்தச் சட்டை உயர்ந்தது என்று ஆசிரியைகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையில் நிற்கவும் இருக்கவும் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அந்தப் பிள்ளைகள் தமது சட்டைக்காரர்களே நல்லவர்கள் என்ற பக்கம் சாயத் தொடங்கினார்கள். ஆசிரியைகள் நிறத்தைக் கண்டுகொள்ளாமல் விட்ட வகுப்புகளில் அந்தச் சாய்வு அவ்வளவாக வரவில்லை. பெரியவர்கள் இப்படிப் பிரிக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று பிள்ளை தானாகவே முடிவு செய்துகொள்கிறது.

இதைப் படித்தபோது எங்களுக்கு எமது பாடசாலைகள்தான் ஞாபகம் வந்தன. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. 1940களில் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் வந்தன. பிறகு முஸ்லிம் பாடசாலைகள் பெருகின. அவை இல்லாவிட்டால் எமது பெண் பிள்ளைகள் இன்று இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு நாம் ஒரு விலையும் கொடுக்கிறோம். மூன்று வாரமல்ல, பதின்மூன்று வருடம் எமது பிள்ளை ஒரு சட்டையில் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்னொரு சட்டையில் இருக்கிறது. ஆறு வயதுக்கு முன்னால் இருக்கும் இரண்டு மூன்று வருடங்கள்தான் இடைவெளி. அதையும் மூடிவிடச் சொல்லித்தான் அந்தக் கடிதங்கள் கேட்கின்றன.

இனி வீட்டுக்கு வருவோம். “நாங்கள் வீட்டில் யாரையும் தரக்குறைவாகக் கதைப்பதில்லையே” என்று நீங்கள் சொல்லலாம். இத்தாலியில் செய்த ஓர் ஆய்வில், ஒரு வெள்ளையர் ஒரு கறுப்பினத்தவரோடு கதைக்கும் காணொளியை முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். சிலவற்றில் அவர் இனிமையாகக் கதைப்பார், ஆனால் தள்ளி உட்காருவார், முகம் பார்க்க மாட்டார். பிள்ளைகள் அவருடைய வார்த்தையை எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பு சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஹலால் விடயத்தில் எமது உடம்பு என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து அவுருதுக்குப் பலகாரத் தட்டு வருகிறது. வாசலில் சிரித்து வாங்குகிறோம். கதவைச் சாத்தியதும் முகத்தைச் சுளித்து, “சீ, வை அங்கால” என்கிறோம். பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. ஹராம் என்பது எமக்கு அல்லாஹ் விதித்த எல்லை. அந்த வீட்டாரின் அழுக்குக்கு வைத்த பெயரல்ல. இந்த இரண்டையும் பிள்ளை பிரித்துப் பார்க்காது, நாம்தான் பிரித்துக் காட்ட வேண்டும். “அவங்கட வீட்ல இறைச்சி நாம தின்றல்ல மகள், நமக்குச் சட்டம் இருக்கு. வாழைப்பழம் தின்னலாம், விளையாடலாம்” என்று முகம் கோணாமல் சொன்னால் போதும். கொக்கிஸ் விடயத்தில் என்ன எண்ணெய் என்று சந்தேகமிருந்தால் அந்தத் தாயிடமே கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் கேட்டதற்காக யாரும் கோபிக்கவில்லை. அடுத்த வருடம் தனி எண்ணெயில் பொரித்து அனுப்பியவர்கள்தான் இருக்கிறார்கள்.

வழிபாட்டில் கலந்துகொள்வது பற்றிய கேள்விகளை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் குழுவின் வேலையல்ல. பிள்ளைகள் சேர்ந்து டயர் உருட்டுவதற்கு பத்வா தேவையில்லை.

எமது முன்மாதிரி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, எமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அயலவர் பற்றி நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை அவர் கேட்டிருந்தார். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபியவர்கள் அவனுடைய வீட்டுக்கே போய்த் தலைமாட்டில் அமர்ந்தார்கள். அபூதர் (ரழி) போன்ற பெரிய ஸஹாபி ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்தார்கள். அபூதருக்கே அது ஒட்டியிருந்தது என்றால், “அந்தக் காபிர்ப் பொடியன்” என்று பிள்ளை முன்னால் சாதாரணமாகச் சொல்லும் எமக்கு ஒட்டவில்லை என்று எப்படிச் சொல்வது?

இனி மறுபக்கம். எமது பிள்ளைகளும் அடி வாங்குகிறார்கள். பஸ்ஸில், ரியூஷன் வகுப்பில், மைதானத்தில் “தம்பியா” என்று கேலியாகக் கூப்பிடப்பட்டுக் கண்கலங்கி வருகிறார்கள். 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை எமது பெரிய பிள்ளைகள் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று எமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு ஞாயிறு வகுப்புக்காக வந்த சிறு பிள்ளைகளும் அதில் போனார்கள். அதன் பிறகு எமது பெண் பிள்ளைகள் பர்தாவோடு வீதியில் இறங்கவே பயந்த நாட்கள் உங்களுக்குத் தெரியும். பல குடும்பங்கள் பிள்ளைகளை எமது ஆட்கள் மட்டும் உள்ள இடங்களுக்கு மாற்றியது அப்போதுதான். அந்தப் பயத்தை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. எங்கள் குழுவிலேயே அப்படி மாற்றியவர்கள் இருக்கிறோம்.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளிடம் மறைக்கச் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியவர்கள் புலிகள். “தமிழர் விரட்டினார்கள்” என்று சொல்லி வளர்த்தால், முன்பள்ளியில் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அதன் பெற்றோர் வடக்கைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்கள். திகனயைச் சொல்லும்போது, அந்த நாட்களில் முஸ்லிம் குடும்பங்களைத் தமது வீடுகளில் வைத்துப் பாதுகாத்த சிங்கள அயலவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவும் நடந்ததுதான். 2019ஐ வைத்து மற்றவர்கள் எம் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டபோது எவ்வளவு வலித்தது! அதே கூடையை நாம் எடுக்கக் கூடாது.

பிள்ளை அழுதுகொண்டு வந்தால், “அவனுகள் எல்லாம் அப்பிடித்தான்” என்ற வசனம் வாயில் வரும். அதை விழுங்கிக்கொண்டு, யார் சொன்னது, எங்கே, நீ என்ன சொன்னாய் என்று கேளுங்கள். ஆசிரியரிடமோ அந்தப் பிள்ளையின் தாயிடமோ போய்க் கதையுங்கள். சென்ற வருடம் ஒரு உம்மா அப்படிப் போனார். அந்தத் தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் மாமா சொல்வதாம். பிரச்சினை முழுவதும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளை பிறகு எமது பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இலேயே இதை எழுதிவிட்டார். சேர்பவர்கள் சமமாக இருக்க வேண்டும், ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பெரியவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். எமது முன்பள்ளியில் அந்த ஆறு பிள்ளைகளும் விருந்தாளிகள் போல ஒரு மூலையில் இருந்தால் பலனில்லை. உண்மையைச் சொன்னால், முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. காலை துஆ நேரத்தில் அவர்களை வெளியே நிறுத்தினோம். மழை நாளில் அவர்கள் தாழ்வாரத்தில் நின்றதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது அந்த நேரத்தில் அவர்கள் உள்ளேயே ஆசிரியையோடு படம் கீறுகிறார்கள். எமது பிள்ளைகள் தமது துஆவையும் ஸூராக்களையும் முன்பு போலவே பாடமாக்குகிறார்கள். அதில் ஒன்றும் குறையவில்லை, பாட அட்டவணையை வந்து பாருங்கள்.

ஆகவே கடிதங்களுக்கான பதில்: அடுத்த வருடமும் ஒரே வகுப்புத்தான். இடமிருந்தால் ஆறைப் பத்தாக்க விரும்புகிறோம். இதனால் பிள்ளையை எடுத்துக்கொள்ள விரும்பும் பெற்றோர் இருந்தால், எம்மிடம் நேரில் வந்து கதையுங்கள், மனத்தாங்கல் இல்லாமல் கேட்போம்.

இன்னொன்று. முன்பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணியிலிருந்து அஸர் தொழுகை நேரம் தவிர்த்து, மைதானத்தில் ஒரு விளையாட்டு நேரம் தொடங்குகிறோம். பக்கத்துச் சிங்கள முன்பள்ளியின் ஆசிரியையும் சம்மதித்திருக்கிறார். டயர் உருட்டிய அந்த இரண்டு பேரின் உம்மாவும் அம்மாவும்தான் முதலில் பெயர் கொடுத்தவர்கள். படிவம் அலுவலக மேசையில் இருக்கிறது. பந்து இரண்டு இருக்கிறது, வலை இல்லை. யாராவது தந்தால் ஜஸாக்குமுல்லாஹு கைரா.