ஆளுக்கேற்ற ஆசனம்



பள்ளிவாசல் என்று சொன்னவுடன் உங்களுள் பலருக்குத் தொழுகைக் கூடமே நினைவுக்கு வரும். இடுக்கி மாவட்டத்தில் வாழும் தமிழர்களுக்கோ அஃது ஓர் ஊரின் பெயர். மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அவ்வூர் அமைந்திருக்கிறது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்க மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் வாழ்கின்றன. ஆயினும் திருமணம், காதுகுத்து, துக்கம் என்றால் போடிக்கும் தேனிக்கும் கம்பத்துக்கும் இறங்கியே ஆகவேண்டும். அந்தப் பயணத்தில் பலருக்குத் துணை மோட்டார் சைக்கிள்தான்.

அவ்வண்டியின் இருக்கையைப் பற்றி, அதிலும் பருத்த உடல் வாய்த்தவர்கள் அதனால் படும் பாட்டைப் பற்றி, இன்று சிறிது பேச எண்ணுகிறோம். இதுவும் வானொலியில் பேசத்தக்க பொருளோ என்று சிலர் நகைக்கலாம். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே; நூறு கிலோவைத் தாண்டிய நாள் முதலாக அந்நகைப்பு நமக்குப் பழகிவிட்டது. எனினும் மலைப்பாதையில் நமக்கு நேர்ந்ததைக் கேட்டபின், இது நகைத்து ஒதுக்கத்தக்க செய்தி அன்று என்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

மூணாற்றிலிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகப் பள்ளிவாசலிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். அதற்கு ஒரு வாரம் முன்னர், இருக்கை வலிக்கிறதென்று குஷன் தைப்பவர் ஒருவரிடம் வண்டியை விட்டிருந்தோம். “நன்றாக மெத்தென்று இருக்கவேண்டும்” என்று கேட்டோம். அவரும் கேட்டபடியே பஞ்சு போன்ற நுரையை இரண்டு விரற்கடை உயரத்துக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தார். வீட்டு வாசலில் அமர்ந்து பார்த்தபோது அரியணை போல இருந்தது.

பூப்பாறை வரை இன்பமாகவே சென்றோம். போடிமெட்டைக் கடந்து இறங்கத் தொடங்கியபோது வலக்கால் மரத்துப்போயிற்று. கொண்டை ஊசி வளைவொன்றில் எதிரே பேருந்து வந்தது. பின் பிரேக்கை மிதிக்க முற்பட்டோம்; பாதம் அதன்மேல் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. கைப் பிரேக்கைப் பிடித்து, ஓரச் சுவரை ஒட்டி எப்படியோ நின்றுவிட்டோம். பேருந்து ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அரை மணி நேரம் ஒரு கல்லின்மேல் அமர்ந்து காலைப் பிசைந்து கொண்டிருந்தோம். மெத்தென்ற இருக்கை ஏன் காலை மரக்கச் செய்தது என்னும் வினா அப்போதுதான் எழுந்தது.

நம் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் உள்ளன. அமரும்போது மேலுடலின் பாரத்தைத் தாங்குதற்கு இயற்கை அமைத்த தூண்கள் அவை. அவற்றின்மேல் பாரம் நின்றால் நெடுநேரம் அமரலாம். நுரை மிக மென்மையாக இருந்தாலோ, கனத்த உடல் அதனுள் அமிழ்ந்துவிடும். எலும்பு முனைகள் அடித்தட்டைத் தொடும். இருக்கையின் இரு விளிம்புகளும் மேலெழுந்து தொடைகளை அழுத்தும். நரம்பும் இரத்தக் குழாயும் அவ்வழுத்தத்தில் நெருக்குண்டு கால் மரக்கிறது. அறுபது கிலோ உள்ளவருக்கு மெத்தையாக இருக்கும் அதே நுரை, நூற்றுப்பத்துக் கிலோ உள்ளவருக்குப் பள்ளமாகிவிடுகிறது. ஆகவே பருத்தவர் தேடவேண்டியது மென்மையை விடத் தாங்கும் வலிமையே.

ரப்பர்ப் பாலிலிருந்து நுரைமெத்தை செய்யும் முறையை 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் கண்டனர். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பையர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பாலியூரித்தேன் என்னும் பொருளைக் கண்டனர். இன்று வண்டி இருக்கைகளில் பெரும்பாலும் காணப்படுவது இதன் நுரையே. கடையில் 32, 40 என்று ‘டென்சிட்டி’ சொல்வார்கள். ஒரு கன மீட்டர் நுரை அத்தனை கிலோ எடை கொண்டது என்பதே அதன் பொருள். எண் கூடினால் பொதுவாக உழைப்பு மிகும். ஆனால் உறுதி வேறு, அடர்த்தி வேறு. ஆதலால் எண்ணை மட்டும் கேட்டு வாங்காமல், நுரைத்துண்டைத் தரையிலிட்டு அதன்மேல் சிறிது நேரம் அமர்ந்து பார்க்க வேண்டும். தரை எலும்பில் தட்டினால் அந்த நுரை நமக்கு உதவாது. அடியில் உறுதியான நுரையும் மேலே மெல்லிய மிருதுவான நுரையுமாக இரண்டடுக்கு வைப்பது நல்ல முறை.

இருக்கையின் அகலத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டொன்றைக் கடினமான பலகைமேல் இட்டு, அதன்மேல் சற்று முன் சாய்ந்து அமர்ந்து எழுங்கள். அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். அவை உங்கள் எலும்பு முனைகளின் சுவடுகள். அவ்விரண்டும் இருக்கையின் சமமான பகுதியில் நன்கு பொருந்த வேண்டும். பின்பகுதி அகன்றும் முன்பகுதி ஒடுங்கியும் இருத்தல் நலம். முன்பகுதியும் அகன்றுவிட்டால் கால் தரைக்கு எட்டாது. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது அது பெருந்துன்பம். உயரத்தைக் கூட்டினாலும் அதே இடர்தான். இருக்கை முன்னோக்கிச் சரிந்திருந்தால், இறக்கத்தில் உடல் வழுக்கிப் பெட்ரோல் டாங்க்கோடு மோதும். கைகளே பாரத்தைத் தாங்கி வலிக்கும். ஆகையால் சரிவையும் திருத்தச் சொல்ல வேண்டும்.

மூணாற்று மழையை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமரும் இடத்தின் நடுவே தையல் வந்தால், ஊசித்துளை வழியே நீர் இறங்கி நுரை ஊறிவிடும். பிறகு வெயில் காயும் நாளிலும் உட்கார்ந்தால் உடை நனையும். தையலை ஓரத்தில் வைத்து, உறைக்கடியில் ஒரு நெகிழித்தாளையும் விரித்துத் தைப்பது நன்று.

இருக்கையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. முற்காலத்து மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரத்துக்குச் சுருள்வில் கிடையாது; எனவே இருக்கைக்கு அடியிலேயே பெரிய சுருள்வில்களைப் பொருத்தினர். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வந்தபின் இருவர் அமரும் நீண்ட இருக்கை பெருகியது. புல்லட் வண்டியை இந்நாட்டிலேயே செய்யும் பொருட்டு 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிய காலமும் இம்மாறுதலை ஒட்டியதே. அதிர்ச்சியைத் தாங்கும் வேலையை இன்று இருக்கையும் வில்லும் பங்கிட்டுக் கொள்கின்றன. பல வண்டிகளின் பின்வில்லில் பாரத்துக்கேற்பத் திருப்பி வைக்கும் படிகள் உண்டு. வண்டி கடையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் நடுத்தர உடலுக்கே வைக்கப்பட்டிருக்கும். நாம் ஓரிரு படி உயர்த்திக் கொண்டால் பாதி வலி தீரும். டயரில் காற்றையும் கையேட்டில் குறித்த அளவுக்கு வைக்க வேண்டும். வண்டி தாங்கத்தக்க மொத்த பாரத்தைக் கையேட்டிலேயே பார்த்து, நம் எடையும் பின்னால் அமர்வார் எடையும் சுமையும் அதற்குள் அடங்குகின்றனவா என்று கணக்கிடுவதும் கடமையாகும்.

புதிய வண்டி வாங்குவோர் கடையில் ஒரு நிமிடம் அமர்ந்து எழுவதோடு நில்லாமல், பத்து நிமிடமேனும் கால்மிதிகளில் கால் வைத்து அமர்ந்து பார்க்கட்டும். பின்னுக்கு நகர இடமளிக்கும் ஒரே நீண்ட இருக்கை பருத்தவர்க்கு வசதி. நடுவே படிபோல் உயர்ந்த இருக்கை நம்மை ஓரிடத்திலேயே அடைத்துவிடும். எத்தனை நல்ல இருக்கையானாலும் மணிக்கொரு முறை இறங்கி நடக்க வேண்டும். பூப்பாறையில் ஒரு தேநீருக்கு நிற்பது மருந்துக்கு நிகர். அதற்குப் பின்னும் மரப்பு நீங்காவிடில் மருத்துவரை அணுகுவதே முறை.

நாம் பின்னர் இருக்கையை மீண்டும் பிரித்து, உறுதியான நுரை வைத்து, பழைய உயரத்துக்கே தைத்துக் கொண்டோம். இன்று தட்டிப் பார்ப்பவர்கள் “கல்லுப்போல இருக்கிறதே” என்கிறார்கள். அந்தக் கல்லின்மேல் அமர்ந்துதான், கால் மரக்காமல், ஒவ்வொரு பொங்கலுக்கும் போடிக்கு இறங்கி வருகிறோம்.

பெங்களூரிலும் மும்பையிலும் கேரள மலைகளிலும் வாழும் நேயர்களுள் எத்தனையோ பேர், உடம்பு பருத்துவிட்டது, இனி வண்டி நமக்கில்லை என்று ஊர்ப்பயணத்தையே குறைத்துக் கொண்டிருப்பர். செருப்புக் கடித்தால் காலைக் குறை சொல்வாரில்லை. அளவான செருப்பைத் தேடுகிறோம். இருக்கைக்கும் அதுவே நீதி. வெட்கத்தை விட்டு, நம் அளவைச் சொல்லிக் கேட்போமாக. ஊரில் நம்மை எதிர்நோக்கி இருப்பவர்கள் நாம் நலமாக வந்து சேர்வதையே விரும்புகிறார்கள்.