குதிரைக்குச் சேணம், காளைக்கு நுகத்தடி

(தென்னேரியில் நடைபெற்ற உழவர் பயிற்சிக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவன் என்றால் நெல் ரகம், உரம், களை என்றுதான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று மாட்டின் கழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தென்னேரி ஏரிப் பாசனத்தில் சேடை ஓட்டும் வேலையைப் பெரும்பாலும் டிராக்டரும் பவர் டில்லரும் எடுத்துக்கொண்டு விட்டன. ஆனாலும் டிராக்டர் திரும்ப இடமில்லாத மூலைக் கழனிக்கும், பரம்பு அடிக்கவும், வேர்க்கடலைக் கொல்லையில் ஊடுழவு செய்யவும், எரு அடிக்கவும் ஏர்மாடு வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஒரு காணி, இரண்டு காணி வைத்திருப்பவருக்கு ஒரு ஜோடி மாடு பெரிய முதல். நடவு நேரத்தில் அது கழுத்துப் புண்ணோடு கொட்டிலில் நின்றுவிட்டால் அந்தப் பருவமே தவறிப்போகும்.

முதலில் குதிரையைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு வருவோம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிப் பெரிய சந்தை கூடும். அங்கே குதிரையும் மாடும் ஒரே சந்தையில் விலைக்கு நிற்கும். ராஜஸ்தானத்து மார்வாரி, குஜராத்துக் கத்தியவாரி ஆகியவை மெலிந்த உடல்வாகு உடையவை. காதின் நுனி உள்பக்கம் வளைந்திருப்பதைக் கொண்டே அவற்றை அடையாளம் காணலாம். இமயமலைப் பக்கத்து ஸ்பிதி, சன்ஸ்காரி குதிரைகள் குட்டையாக, கட்டுக்குட்டாக இருக்கும். ஐரோப்பாவில் பாரம் இழுக்க வளர்த்த ஷயர், பெர்ச்செரான் இனங்களின் விலாவோ பீப்பாயைப் போல் அகன்றது. அகன்ற குதிரையின் மேல் உட்கார்ந்தால் தொடை விரிந்து, சிறிது நேரத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்கும். மெலிந்த குதிரையில் கால் நன்றாகப் படியும், ஆனால் முதுகெலும்பு மேலெழுந்து நிற்பதால் சேணம் சரியாக அமையாவிட்டால் குதிரைக்கும் வலி, ஏறியவருக்கும் வலி.

இதனால் குதிரைக்காரர்கள் சேணத்தின் உள்சட்டத்தைக் குதிரையின் முதுகு அகலத்துக்கு ஏற்பச் செய்விக்கிறார்கள். சட்டம் குறுகினால் தோளின் மேட்டைக் கவ்விக் கடிக்கும். அதிகம் அகன்றால் சேணம் கீழே இறங்கி முதுகெலும்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். எலும்பின் மேல் பாரம் விழாமல் இரண்டு பக்கத்துத் தசையிலும் பரவ வேண்டும் என்பதே அதில் உள்ள கணக்கு.

நம் காளைக்கோ தாத்தா காலத்து நுகத்தடிதான். காங்கேயமானாலும் சரி, ஓங்கோல் கலப்பானாலும் சரி, ஜெர்சிக் கலப்பானாலும் சரி, அதே தடியைத் தூக்கி வைக்கிறோம். சந்தையில் தரகர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார். கழுத்தை ஒருவரும் அளப்பதில்லை. சுழி பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் சுழி ஏர் இழுக்காது.

இனத்துக்கு இனம் உடல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். காங்கேயம் நடுத்தர உயரம், கட்டான உடல், குட்டையான தடித்த கழுத்து. பாரம் இழுக்கப் பேர்போனது. நாகப்பட்டினம், திருவாரூர் பகுதி உம்பளாச்சேரி அதைவிடச் சிறியது, கால் குட்டை. சேற்றில் காலைப் பிடுங்கி நடக்க அந்த உடலே ஏற்றது. அந்தியூர் மலைப்பகுதியின் பர்கூர் மாடு செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும், துடியானது, மேடு பள்ளத்தில் விரைந்து நடக்கும். அதைச் சேற்றுக் கழனியில் பழக்கப் பொறுமை வேண்டும். வடக்கே ஆந்திரத்து ஓங்கோல் நீண்டு, உயர்ந்து, மார்பு அகன்ற மாடு. ஜெர்சி, பிரீசியன் கலப்புக் காளைக்குத் திமில் மிகச் சிறியது, சிலவற்றுக்கு இல்லையென்றே சொல்லலாம். தடிக்குப் பின்னால் தாங்கலாக ஒன்றும் இல்லாததால் நுகத்தடி வழுக்கும். வெயிலிலும் அது விரைவில் களைத்துப்போகும். நாட்டுக் காளையிலும் காயடித்த பிறகு திமில் சிறுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். காளைக்கன்றாக இருந்தபோது செய்த நுகத்தடி எருதான பிறகு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இப்போது ஒரு கணக்கு. எடைமேடை இல்லாமலே மாட்டின் எடையை அறியலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள்மூட்டின் முனையிலிருந்து வாலடி எலும்பின் முனை வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 62, நீளம் 52 உள்ள மாடு சுமார் 303 கிலோ. சுற்றளவு 66, நீளம் 55 உள்ள மாடு 363 கிலோ. கண்ணுக்குச் சற்றுப் பெரிய மாடாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் வித்தியாசம் 60 கிலோ.

ஓர் எருது நாள் முழுவதும் அலுக்காமல் இழுக்கக்கூடியது அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒன்று 30 கிலோவும் மற்றது 36 கிலோவும் இழுக்கும். வடக்கயிறு தடியின் சரி நடுவில் இருந்தால் இரண்டுக்கும் 33 கிலோ விழும். சிறிய மாடு தன் சக்திக்கு மேல் இழுக்கும், பெரியது சும்மா நடக்கும். இரண்டு கழுத்துக்கும் இடையே 40 அங்குலம் இருந்தால், வடக்கயிற்றைப் பெரிய மாட்டின் பக்கம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டுங்கள். சிறியதற்குப் பாரம் குறையும். உங்களில் வயதானவர்கள் இதைக் கைப்பழக்கத்தில் செய்து வந்திருப்பீர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் உயரத்தில் வித்தியாசம் இருந்தால் இந்த வைத்தியம் உதவாது. தடி சாய்ந்து, குட்டை மாட்டின் பக்கம் இறங்கி, ஒரே இடத்தில் அரைத்துக்கொண்டிருக்கும். உயரம் பொருந்தாத ஜோடியை விலை மலிவு என்று வாங்க வேண்டாம்.

அடுத்தது தடியின் நீளம். ஓங்கோல் சாயல் உள்ள அகன்ற மாடுகளைக் குட்டை நுகத்தடியில் பூட்டினால் இரண்டும் விலாவால் இடித்துக்கொள்ளும், ஏர்க்காலில் உராயும். நேராக இழுக்க வேண்டிய மாடு சாய்ந்து இழுக்கும். மெலிந்த மாட்டுக்கு நீண்ட தடி போட்டால் வரப்போரத்தில் திருப்பும்போது நிலம் வீணாகும். வேர்க்கடலைக் கொல்லைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வரிசை இடைவெளி 30 செ.மீ. என்றால் கழுத்துக்குக் கழுத்து தூரம் 90 அல்லது 120 செ.மீ. என்று முப்பதின் மடங்காக இருக்கட்டும். இரண்டு மாடும் வரிசை நடுவே நடக்கும், செடி மிதிபடாது. ஆகவே சேற்றுக்கு ஒரு தடி, கொல்லைக்கு ஒரு தடி வைத்துக்கொள்வது ஆடம்பரம் ஆகாது.

தடியின் அடிப்பக்கந்தான் முக்கியம். உருண்டைத் தடி கழுத்தில் படும் அகலம் மிகக் குறைவு. எடுத்துக்காட்டாக, 4 செ.மீ. அகலத்தில் 15 செ.மீ. நீளம் படுகிறது என்றால் 60 சதுர செ.மீ. பரப்பில் 33 கிலோ அழுத்துகிறது. அதையே தச்சரிடம் கொடுத்து 10 செ.மீ. அகலத்துக்குத் தட்டையாக்கி, கழுத்தின் வளைவுக்கேற்பக் குடைந்து, ஓரங்களை மழித்து வாங்கினால் 150 சதுர செ.மீ. பரப்பில் அதே பாரம் பரவும். ஒவ்வொரு சதுர செ.மீட்டருக்கும் விழும் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். நாட்டுக் கலப்பை 15 செ.மீ. அகலத்துக்குச் சால் போடுமானால் ஓர் ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க மாடு சுமார் 27 கி.மீ. நடக்கிறது. அத்தனை தூரமும் அந்த அழுத்தம் கழுத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பழைய சாக்கைச் சுற்றி வைப்பவர்களைப் பார்க்கிறேன். காய்ந்த சாக்கு சில நாளைக்கு உதவும். வியர்வையில் ஊறி முறுக்கிக்கொண்டால் அதுவே தோலை அறுக்கும்.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970, 1980களில் மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று நாடெங்கும் பேசினார். டயர் சக்கரம் பல ஊர்களுக்கு வந்தது. நுகத்தடியில் அந்த அளவு மாற்றம் வரவில்லை என்பது எனது கருத்து.

வண்டி வைத்திருப்பவர்கள் பாரம் ஏற்றியதும் மாடு பூட்டுமுன் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஒரு ஆள் சிரமமில்லாமல் தூக்கும்படி, கொஞ்சமே முன்பாரம் இருக்க வேண்டும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து நசுங்கும், பின்பாரம் மிகுந்தால் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். சட்டமும் இதில் உண்டு. இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், 1965 என்பதன்படி ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இளைப்பாறாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வண்டியில் பூட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலுக்கு இது அப்படியே பொருந்தும்.

கழுத்து வீங்கிச் சூடாக இருப்பது தெரிந்தால் அன்றே ஏரை அவிழ்த்துவிடுங்கள். முதல் நாளில் குளிர்ந்த நீரை ஊற்றினாலே வீக்கம் ஓரளவு வடியும். பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மக்னீசியம் சல்பேட்டைக் கிளிசரினில் குழைத்துப் பூசச் சொல்வார், சீழ் கட்டியிருந்தால் அவரே கீறி எடுப்பார். சூடு போடுவதும் கண்ட எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். ஆறிய பிறகும் அதே பழைய தடியை வைத்தால் அதே இடத்தில் திரும்பவும் புண் வரும். தடியை முதலில் தச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

நாடா கொண்டு வந்திருக்கிறேன். வெளியே இரண்டு ஜோடி கட்டியிருப்பதைப் பார்த்தேன். உடையவர்கள் சம்மதித்தால் அளந்து காட்டுகிறேன். உயரத்தையும் கழுத்தின் அகலத்தையும் எப்படி எடுப்பது என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். நுகத்தடியையும் கழற்றிக் கொண்டுவாருங்கள்.