தண்ணீர் வராத போரைத் தூர்த்துவிடுங்கள்!



குழந்தை இருக்கிற வீட்டில் அரிவாளை எரவாணத்தில் செருகுகிறோம்; பூச்சிமருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை மட்டும் மறந்துவிடுகிறோம். கிழிந்த சாக்கைப் போட்டுக் கல் வைத்தால் போதுமா? சாக்கு மக்கிவிடும், கல்லை ஆடு தள்ளிவிடும்.

நம் மாவட்டத்தில் ஆரணி அருகே புலவன்பாடியில் 2013 செப்டம்பரில் 4 வயதுச் சிறுமியை இப்படிப் பறிகொடுத்தோம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை.

பயன்படாத போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் கொண்டு தூர்த்துவிடுங்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். மழைக்குப் பிறகு மண் இறங்கினால் மறுபடி போடுங்கள். ஆறரை அங்குல அகலம், 300 அடி ஆழம் என்றால் சுமார் 70 கன அடி மண் போதும்; ஒரு டிராக்டர் நடையில் அடங்கிவிடும். போர் போட ஆன செலவுக்கு இது எம்மாத்திரம்?

ஓடுகிற போரில் மோட்டாரைப் பழுதுபார்க்கத் தூக்கினால், குழாய் வாயை இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆள் சாப்பிடப் போகிற நேரம்கூடத் திறந்து கிடக்கக் கூடாது.

இன்றைக்கே கொல்லைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.