ஏரி காத்தலும் ஊர் காத்தலும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், மாறிவரும் பருவமும் அதன்கண் நம் ஊரார் செய்யத்தக்க பணியும் ஆகும். ஒரு மரபினரின் நலங் கருதி நிறுவப்பெற்ற சங்கத்தில், பிள்ளைகளின் படிப்பையும் திருமணத்தையும் தொழிலையும் விடுத்து, மழையையும் வெயிலையும் பற்றிப் பேசுதல் எற்றுக்கு என்று சிலர் வினவுதல் கூடும். நம்முள் பெரும்பாலார் உழவர். ஏனையோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கிணறு வற்றிய வீட்டில் எந்த உதவிச் சம்பளமும் நெடுநாள் நில்லாது. விளைவு பொய்த்த ஆண்டில் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பே. ஆதலின் இப்பொருள் நம் சங்கத்திற்குப் புறம்பானதன்று. அதன் நடுவில் நிற்பதேயாம்.

முதற்கண், நேர்ந்திருப்பது யாது என்பதைச் சிறிது ஆராய்வாம். ஆலைத்தொழில் பெருகுவதற்கு முன், பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிதலே இதற்குத் தலையாய காரணம். இவ்வாயு நிலத்தின் வெப்பம் வெளியேறாதவாறு போர்வைபோல் தடுக்கின்றது. 2015-ஆம் ஆண்டில் பாரிசு நகரிற் கூடிய நாடுகள், வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வதென உடன்பட்டன. 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பமோ அவ்வெல்லையையே எட்டிவிட்டதென உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. ஓராண்டின் கணக்கைக்கொண்டு எல்லை முற்றும் கடக்கப்பட்டதெனக் கூறலாகாது; ஆயினும் எச்சரிக்கை தெளிவானது.

வெப்பம் மிகின் மழை குன்றும் என்று மட்டும் எண்ணற்க. வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும், காற்று நூற்றுக்கு 7 பங்கு அளவு மிகுதியான நீராவியைத் தாங்க வல்லதாகின்றது. அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது. பெய்யாதபோது நிலத்தை உலர்த்தி வாட்டுகின்றது. 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில், ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் காணும் சராசரி மழையினும் அது மிகுதி. சென்னை மாநகரின் செய்தியும் இதுவே. 2015 டிசம்பரில் அந்நகர் வெள்ளத்தில் மூழ்கிற்று. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. சோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. இடையில் ஓடியவை நான்கு ஆண்டுகளே. மழை பெய்யாமையினும், பெய்ததைத் தேக்காமையே அங்குப் பெருங்கேடாய் முடிந்ததென்பது எமது துணிபு.

நிற்க. கொட்டும் மழையைத் தேக்கிவைத்து வறளும் நாளில் வழங்குதற்கு நம் முன்னோர் கண்ட வழி ஏரியாகும். தென்பாண்டி நாட்டார் இதனைக் கண்மாய் என்பர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பை வைத்தார். புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டிற் குடபுலவியனார், அழியாப் புகழை விழையும் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவு கொளுத்தினார். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஏரி வாரியம் என்னும் குழு ஆண்டுதோறும் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அக்குழுவில் இடம்பெறலாகாது என்பதும் அவற்றிற் காணப்படும் விதியாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விதி இன்றைக்கும் வேண்டப்படுவதே.

ஏரியின் கரையும் வாய்க்காலும் பழுதுறாமல் ஊரார் கூடிச் செய்த பணி குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் அரசாங்கத்தின் பொறுப்பாயின. ஊராரின் உரிமை சுருங்க, அவர்தம் ஆர்வமும் சுருங்கிற்று. 1858-ஆம் ஆண்டில் இவ்வேலையைச் சட்டத்தால் வலிந்து வாங்கவும் முற்பட்டனர். உரிமையில்லாத இடத்தில் கடமை மட்டும் தழைக்குமோ? பின்னர் ஆழ்துளைக் கிணறுகளும் நீரேற்று இயந்திரங்களும் பெருகின. தனக்கெனத் தனிக் கிணறுடையான் பொது ஏரியை மறந்தான். ஏரி தூர்ந்தபின் அவனது கிணற்று நீரும் ஆழத்திற்குச் சென்றது. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயராலேயே ஒரு திட்டத்தை மீளத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்கும்படி வகுத்தது. ஊரார் கை படாத ஏரி நிலைபெறாது என்பதை அரசே உணர்ந்தமைக்கு இது சான்றாகும்.

ஊரார் தாமே முன்வந்து செய்த பணிகளும் நம் கண்முன் உள்ளன. 2018 நவம்பரில் வீசிய கசா புயல் தஞ்சைக் கடைமடையைச் சிதைத்தது. அடுத்த ஆண்டிலேயே பேராவூரணியில் இளைஞரும் உழவரும் ஒன்றுகூடி, ஆங்குள்ள பெரியகுளத்தைத் தூர் வாரினர். இராசத்தானத்து அல்வர் மாவட்டத்தில், 1985-ஆம் ஆண்டில் இராசேந்திர சிங்கு அவர்கள் கோபால்புரா என்னும் சிற்றூரிற் பணி தொடங்கினார். ஊரார் உழைப்பால் சிறுசிறு மண்ணணைகள் பெருகவே, வறண்டு கிடந்த அர்வாரி ஆறு மீண்டும் ஓடலாயிற்று. பின்னர் அவ்வாற்றங்கரைச் சிற்றூர்கள் தமக்குள் ஒரு மன்றம் அமைத்து, நீரை எங்ஙனம் பகிர்தல் வேண்டும் என்பதற்கு விதி செய்துகொண்டன. அவர்களும் நம்மனையோரே. அவர்க்குக் கைகூடியது நமக்குக் கைகூடாதென்பதற்குக் காரணம் இல்லை.

இனி, நம் சங்கத்தின்முன் உள்ள வினாவிற்கு வருவாம். இவ்வாண்டிற் சேர்ந்துள்ள பொதுநிதியைத் திருமண மண்டபத்தை விரிவாக்கச் செலவிடுவதா, ஊர்ப் பெரிய ஏரியின் வரத்துக்காலையும் உள்வாயையும் சீர்செய்யச் செலவிடுவதா என்பதே அவ்வினா. ஒரு சிறு கணக்கைக் காண்மின். 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் ஓர் அடி வண்டலை அகற்றினால், 43,56,000 கன அடி நீர் மிகுதியாகத் தேங்கும்; ஏறத்தாழ 12 கோடி லிட்டர். வெயிலில் ஆவியாவதைக் கழிப்பதற்கு முன், ஒருவர்க்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் மூவாயிரம் பேர்க்கு மேல் ஓராண்டிற்குப் போதுமான அளவு இது. அகற்றிய வண்டலோ, அரசின் இசைவு பெற்று வயலில் இடின் நல்லுரமாகும். மண்டபம் ஆண்டில் சில நாட்களே நிறையும். ஏரி நிறைந்தால் ஆண்டு முழுவதும் வீடுகள் நிறையும்.

இதற்கு மூன்று தடைகள் எழுப்பப்படுகின்றன. 'இஃது அரசாங்கத்தின் வேலை' என்பது முதலாவது. ஆம், அளவெடுத்தலும் இசைவளித்தலும் பெருஞ்செலவும் அரசின் கடன். ஆனால் மழைநாளில் நள்ளிரவிற் கரையைச் சுற்றிவந்து கசிவு காண்பவர் ஊராரேயன்றிப் பிறர் அல்லர்.

'உலகமெல்லாம் புகை கக்க, ஓர் ஊர் ஏரி என்செய்யும்?' என்பது இரண்டாவது. உலகின் புகையை நம் ஏரி நிறுத்தாது, மெய்யே. ஆனால் அதனால் விளையும் வெள்ளத்தையும் வறட்சியையும் நம் ஊர் தாங்குமா என்பதை அவ்வேரியே முடிவு செய்யும். அன்றியும், நம்மாற் குறைக்கத்தக்கதும் உண்டு. எப்போதும் நீர் தேங்கிய நெல்வயல் மீத்தேன் என்னும் வெப்பமேற்றும் வாயுவை வெளியிடுகின்றது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடின் அவ்வாயுவும் குறையும், நீரும் மிஞ்சும்.

'ஏரி எல்லாச் சாதியார்க்கும் பொது. நம் சங்கப் பணத்தை அதற்கு ஏன் ஈதல் வேண்டும்?' என்பது மூன்றாவது. இதற்கு விடை கூறவே யாம் இன்று எழுந்தோம். மழை சாதி பார்த்துப் பெய்வதில்லை. உடைந்த கரை தெருப் பார்த்துப் பாய்வதில்லை. ஒரு மரபினர் தம் தெருவை மட்டும் காத்துக்கொள்ளுதல் நீரில் இயலாது. பல ஊர்களில் மதகைத் திறந்தும் அடைத்தும் நீரைப் பங்கிட்டும் வந்த நீர்கட்டிகள் ஒடுக்கப்பட்ட மக்களே. ஏரியின் இயல்பை அவரினும் அறிந்தவர் இலர். அன்னாரை வேலைக்கு மட்டும் அழைத்து, குழுவில் அமர்த்தாமல் விடுதல் அறமும் ஆகாது, அறிவும் ஆகாது. உத்திரமேரூர்ச் சபை ஒரு வகுப்பார்க்கே உரியதாயிருந்தது. அதன் கணக்கொழுங்கை நாம் கொள்வோம், அக்குறையைத் தள்ளுவோம். ஏரிக்குழுவில் ஊரின் எல்லாத் தெருவினர்க்கும், குடம் சுமக்கும் பெண்டிர்க்கும் சம இடம் இருத்தல் வேண்டும். வரத்துக்காலையோ உள்வாயையோ ஆக்கிரமித்தவர் நம்மவராயினும் அளவுகல் ஒன்றே. அதனை முதலில் ஒப்புவோர் நம் சங்கத்தாராகவே இருத்தல் வேண்டும்.

வீட்டளவிற் செய்யத்தக்கனவும் சில உள. மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்கட்கும் கட்டாயமாக்கப்பட்டது. அக்குழிகள் இன்று தூர்ந்துள்ளனவா என்று ஐப்பசிக்கு முன் ஒருமுறை பார்த்தல் பெரும் பணியன்று. நம் திருமணங்களில் இலையில் எஞ்சும் சோறு, குப்பைமேட்டில் அழுகி அதே மீத்தேனை விடுகின்றது. விருந்தின் பெருமை இலையில் எஞ்சியதால் அளக்கப்படுவதன்று. நெகிழிப் புட்டியை விடுத்துச் செம்பும் குவளையும் கொள்வோம். கரையின் மேற் பனைவிதை ஊன்றுவோம். அதன் வேர் மண்ணை இறுகப் பிடிக்கும். உள்வாயிற் செறிந்த சீமைக்கருவேலை அகற்றுங்கால், அதனை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கும் ஏழைகட்கே அவ்வேலையைக் கொடுப்போம்.

பெரியோர்களே! யாம் வேண்டுவன மூன்று. பொதுநிதியிற் பாதியேனும் ஏரிப்பணிக்கு ஒதுக்குதல். எல்லாத் தெருவினரும் அமர்ந்த ஏரிக்குழு ஒன்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அமைத்தல். அதன் வரவுசெலவைத் திங்கள்தோறும் இவ்விதழிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் வெளியிடுதல். இவை இன்றே தீர்மானமாகட்டும். நம் பாட்டன்மார் நமக்கு விட்டுச்சென்ற ஏரியை, நம் பேரப்பிள்ளைகட்கு மேடாக்கிக் கொடுத்தல் தகுமோ என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சோடு உசாவி, கை தூக்குமாறு வேண்டுகின்றோம்.