வரைவதற்கு முன் கேட்க வேண்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில், கட்டடக்கலை பயின்ற மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியிலிருந்து கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்குப் போனவர்கள் நாங்கள் சிலர்தான். வைத்தியர்களும் ஆசிரியைகளும் கணக்காளர்களும் நிறைந்த இந்தச் சபையில் எங்கள் வரிசை மிகச் சிறியது. ஆனாலும் கண்டிக்கு வரும்போதெல்லாம் தாய்மார் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மகள் நல்லாப் படம் கீறுவா. ஆர்கிடெக்ட் படிக்க விடலாமா?" அதன் பின்னால் வேறு கேள்விகளும் வரும். ஐந்து வருடமாமே, இரவிரவாக வேலையாமே, சைட்டில் ஆண்களோடு நிற்க வேண்டுமாமே, செலவு அதிகமாமே என்பார்கள். இன்று அந்தக் கேள்விகளுக்குச் சபையில் வைத்தே பதில் சொல்ல விரும்புகிறோம்.

இந்தக் கேள்விகளை எல்லாம் எங்களுக்கு முன்பே சந்தித்த ஒரு பெண் இதே ஊரில் இருந்தார். அவர் மினெட் டி சில்வா. 1918ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தவர். அவர் படிக்க விரும்பிய காலத்தில் இலங்கையில் கட்டடக்கலை கற்பிக்க ஒரு கல்லூரியும் இல்லை. பம்பாய்க்குப் போக வேண்டும். அதற்குத் தந்தையாரையும் தாய்வழி மாமாவையும் இணங்க வைக்க வேண்டியிருந்தது. மெட்ரிகுலேஷன் சித்தி இல்லாததால் பம்பாயில் முதலில் ஓர் அலுவலகத்தில் பயிலுநராக இருந்தே படிப்புக்குள் நுழைந்தார். காந்தியடிகளின் விடுதலையைக் கோரிய மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுத மறுத்தார். கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பிறகு ஒட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை பழகி, லண்டன் சென்று மீண்டும் பரீட்சை எழுதினார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதலாவது ஆசியப் பெண் அவரே.

பட்டம் பெற்றதும் அவர் கண்டிக்குத் திரும்பி வந்தார். வாவிக்கு மேலே பெற்றோர் வாழ்ந்த வீட்டிலிருந்தே தொழில் செய்தார். மாளிகைக்கு அருகே வாவிக்கரையில் கண்டிய நடனம் பார்க்க எத்தனையோ முறை போயிருப்போம். அந்தக் கலை நிலையத்தின் கட்டடம் 1980களில் அவர் வடிவமைத்தது. பள்ளிக்காலத்தில் எங்களில் ஒருத்திக்கும் இது தெரியாது.

இனி, படிப்பு என்றால் என்ன என்று சொல்கிறோம்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இது ஐந்து வருடப் படிப்பு. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். கற்பது ஆங்கிலத்தில். பட்டத்துக்குப் பின்னும் வேலை பழகி, தொழிற் பரீட்சை முடித்தால்தான் பட்டயம் பெற்ற கட்டடக்கலைஞர் ஆகலாம். கொழும்பில் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் நடத்தும் கல்லூரி ஒன்றும் உண்டு. அங்கே அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

படிப்பின் நடு மையம் ஸ்டூடியோ. ஒரு நிலத்தைத் தருவார்கள், ஒரு தேவையைச் சொல்வார்கள். வரைந்து, காட்போட்டில் மாதிரி வெட்டி ஒட்டி, விரிவுரையாளர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அவர்கள் குறை சொல்வார்கள். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து. இரவிரவான வேலை என்பது உண்மைதான். ஆனால் அழகாகப் படம் கீறுவதுதான் இந்தப் படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் வருடத்தில் நாங்கள் கற்றது அளப்பது. ஓர் ஆள் படுக்க எவ்வளவு இடம், சமைக்க எவ்வளவு இடம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க எவ்வளவு இடம் என்று அளந்தோம்.

பழைய கட்டடங்களையும் அளந்து வரைவோம். கண்டியில் பிறந்தவர்களுக்கு இது பெரிய கொடை. எம்பக்க தேவாலயத்தின் முரசு மண்டபத்துக் கூரையில் ஒரு மர ஆணி 26 கைமரங்களை ஒன்றாகப் பிடித்து நிற்கிறது. பாரம் எப்படி இறங்குகிறது என்பதை அதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராச்சாரி. பக்கத்திலுள்ள லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இந்த மலைகளில் கட்டியவர்கள் யார் என்று கேட்டால், எல்லோரும்தான் என்று அந்தக் கல்லே சொல்கிறது.

எங்களில் ஒருத்தி தோட்டத்திலிருந்து வந்தவள். அவரவர் வீட்டை அளந்து வரைந்து வாருங்கள் என்று சொன்னபோது அவள் தன் லயத்துக் காம்பராவை அளந்து வந்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு, அதன் ஒரு மூலையில் அடுப்பு. ஐந்து பேர் எங்கே படுப்பார்கள் என்று கோடு கீறிக் காட்டினாள். பெரிய பிள்ளை உடுப்பு மாற்ற ஒரு மறைவு அந்தப் படத்தில் எங்கும் இல்லை. புத்தகம் வைக்க இடமில்லை. படத்தைப் பார்த்த நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதை முதன்முதலில் வரைந்தவர், அங்கே வாழப்போகும் ஒரு பெண்ணிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

கேட்டு வரைய முடியும் என்பதற்குச் சாட்சி இந்த ஊரிலேயே இருக்கிறது. 1950களில் வட்டாபுளுவ வீடமைப்புத் திட்டத்தை மினெட் டி சில்வா வடிவமைத்தார். அரச ஊழியர்களுக்கான ஏறத்தாழ 250 வீடுகள். பல இனத்தவரும் சேர்ந்து வாழும் இடம். குடியிருக்கப் போகிறவர்களிடம் அவர் வினாக்கொத்துக் கொடுத்தார், கூட்டம் வைத்துப் பேசினார். உங்கள் வீட்டில் எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், எவ்வளவு பணம் முடியும் என்று கேட்டறிந்து, பல வகை வீடுகளை வரைந்து, அவர்களையே தெரிவுசெய்ய விட்டார். மலைச்சரிவை வெட்டி மட்டமாக்காமல், சரிவோடு சேர்த்தே வீடுகளை இருத்தினார். குடியிருப்போரைக் கேட்டு வீடு கட்டுவது பற்றி உலகம் பிறகுதான் பெரிதாகப் பேசியது.

இந்தப் பழக்கம் அவருக்கு வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். தாயார் அக்னஸ் டி சில்வா, 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்றபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதே அவர் பதில். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. மகள் பட்டயம் பெற்ற அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அதுவும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அந்தப் பெண்களிடமிருந்து அந்த வாக்கைப் பறித்தன. கேட்கப்படாதவர்களுக்கு வீடும் கேட்காமலே கட்டப்பட்டது.

இன்று நிலைமை மாறி வருகிறது. 550 சதுர அடியில் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியோடு கட்டப்படுபவையும் அவற்றுள் உண்டு. லயத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே வரைபடம் எல்லா மலைக்கும் போகிறது. காற்று எந்தப் பக்கம், மழைநீர் எந்த வழி, விறகு எங்கே உலரும், இந்தச் சரிவு பாரத்தைத் தாங்குமா என்பவை இடத்துக்கு இடம் வேறு. 2014இல் மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்கவில்லை. மலையில் எங்கே கட்டக்கூடாது என்று சொல்லத் தெரிவதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதிதான்.

அந்த மேசைகளில், வீட்டுக்குள் அடுப்புப் புகையோடு வளர்ந்த ஒரு பெண் இருந்தால் படம் வேறாக வரும் என்று நாங்கள் நம்புகிறோம். ஆகவே தாய்மாருக்கு எங்கள் பதில்: விடுங்கள். சைட்டில் ஆண்கள் நிற்பார்கள். உங்கள் மகளும் நிற்பாள். முதல் மாதம் அவள் சொல்வதைக் கேட்கமாட்டார்கள். அளவு பிழைத்த இடத்தை இரண்டு முறை சரியாகக் காட்டினால் மூன்றாம் முறை அவளைக் கேட்ட பிறகே மேசன்பாஸ் கலவை போடுவார்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்போட், அச்சுப் பிரதி, கணினி என்று பணம் போகும். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பரீட்சையில் சித்தியடைந்தும் இதற்காகப் பின்வாங்கக் கூடாது. சங்கத்திடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். சாதாரண தரம் முடிந்த பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பையும் உளச்சார்புப் பரீட்சையையும் பற்றி வருடத்துக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுக்க இடம் தாருங்கள், நாங்கள் வருகிறோம். எம்பக்கவுக்கும் வட்டாபுளுவவுக்கும் அளவு நாடாவோடு பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒரு பஸ் ஒழுங்கு செய்யுங்கள். மூன்றாவது, உபகரணச் செலவுக்கு ஒரு சிறு நிதி. முதல் பங்கை நாங்களே இன்று பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். வெளிநாட்டிலுள்ள தோழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

மினெட் டி சில்வா 1998இல் இந்த ஊரிலேயே காலமானார். இரண்டு வருடம் முன்புதான் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நம் பிள்ளைகளை அவ்வளவு காலம் காத்திருக்க விட வேண்டாம்.