எங்கள் கிணறும் இந்த நாட்டுக் குகையும்

(பிறம்ரனில் நடைபெற்ற எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் எங்கள் வீடுகளில் ஒரே பதில்தான். லண்டனிலிருந்து மச்சாள் வந்தாலும் நயாகரா, பாரிசிலிருந்து சித்தப்பா வந்தாலும் நயாகரா. றோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு, பத்துத் தரம் பார்த்த நீர்வீழ்ச்சியைப் பதினோராம் தரமும் பார்க்கிறம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த வருசம் ஒரு நாளாவது நிலத்துக்குக் கீழே போய்ப் பாருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். ஊரில் புவியியல் படிப்பித்த ஆள் வேறு எதைக் கேட்பான்?

ஒட்டாவாவுக்கு மேற்கே எகன்வில் என்றொரு சிற்றூர். அதற்குப் பக்கத்தில், பொனசியர் ஆற்றங்கரையில் சுண்ணாம்புக்கல் குகைகள் இருக்கின்றன. இங்கிருந்து நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேணும். விடிய வெளிக்கிடலாம், அல்லது ஒட்டாவாவில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கலாம். மாரியில் குகைக்குள் தண்ணீர் நிரம்பிவிடும். வசந்தத்தில் அதை இறைத்த பிறகுதான் சனத்தை விடுவார்கள். உள்ளே மின்விளக்கு உண்டு, வழிகாட்டியும் கூட வருவார். வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே குளிரும். சுவெற்றர் கொண்டு போங்கள். படி இறங்க வேணும் என்றபடியால் முழங்கால் நோ உள்ளவர்கள் முதலே விசாரித்துப் போவது நல்லது. இளம் பிள்ளைகளுக்கு இன்னோர் இடமும் இருக்கிறது: பீற்றர்பரோவுக்குப் பக்கத்திலுள்ள வோர்சோ குகைகள். அது தவழ்ந்து நுழையும் இடம். ரோச் லைற் இல்லாமல் போகக் கூடாது.

இந்தக் கல்லின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பொனசியர் கல்லுக்கு வயது சுமார் 45 கோடி ஆண்டுகள். அப்போது இந்தப் பகுதி பூமத்திய கோட்டுக்குத் தெற்கே ஒரு வெப்பக் கடலின் அடியில் கிடந்தது. சிப்பிகளும் பவளங்களும் செத்துப் படிந்து கல்லாயின. பிறகு நிலம் மெல்ல மெல்ல நகர்ந்து இந்தப் பனிக்குள் வந்து சேர்ந்தது. எங்களைப் போல அதுவும் வெப்ப நாட்டை விட்டு வந்ததுதான்! குகைச் சுவரில் அந்தச் சிப்பிகளின் அடையாளத்தை இன்றும் பார்க்கலாம்.

கல்லுக்குள் குகை எப்படி வந்தது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது வெடிப்புக்குள் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான வருசத்தில் வெடிப்பு வழியாகிறது, வழி மண்டபமாகிறது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கரைத்த சுண்ணாம்பைத் திரும்பப் படிய வைப்பதால் கல் விழுதுகள் உண்டாகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி கெட்டுவிடும். வேறு குகைக்குப் போட்ட சப்பாத்தைக் கழுவாமல் போடவும் வேண்டாம். 2006 இல் நியூயோர்க் மாநிலத்தில் முதலில் காணப்பட்ட வெண்மூக்கு நோய் 2010 இல் ஒன்ராறியோவுக்கும் வந்து வௌவால்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. அந்தப் பூஞ்சணம் சப்பாத்திலும் ஒட்டி வரக்கூடியது.

சுண்ணாம்புக் குகை எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன பாட்டன்மார் தைப்பூசத்துக்குப் போய் வந்த பத்துமலையும் சுண்ணாம்புக் குகைதான். இன்று அதற்கு 272 படி.

அவ்வளவு தூரம் ஏன்? யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புக்கல் தட்டு. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடித்தோம். நிலாவரைக் கிணறு இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்று எங்கள் ஆச்சிமார் சொன்னார்கள். குகையின் கூரை இடிந்து விழுந்த இடம் அது என்கிறது புவியியல். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலை ஊற்றும் அதே கல்லின் வழியாகத்தான் வருகிறது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊற்றைக் காட்ட முடியாவிட்டாலும், அது எப்படி வந்தது என்பதை எகன்வில்லில் காட்டலாம்.

குகைக்குள் நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேலே பெய்த மழை தலையில் சொட்டும். இடையில் வடிகட்டுவதற்கு மணல் கிடையாது, வெடிப்புத்தான். 2000 ஆம் ஆண்டு மே மாதம் ஒன்ராறியோவின் வோக்கர்ரன் ஊரில் கடும் மழை மாட்டெருவை இப்படி வெடித்த பாறையூடாக ஊர்க் கிணற்றுக்குள் கொண்டு போனது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது.

ஆகையால் ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிற உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். மாபிள் என்ன நிறம் என்று கேட்கிறோம். மலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். அந்தக் குழியில் போவது எங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அயலவன் கிணற்றுக்கும் போகும். தோட்டத்துக்குப் போடும் உரமும் அப்படித்தான். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வுகளில் கண்ட விடயம். மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். காசு அனுப்புகிறவன் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அந்தச் சொல்லைத் தண்ணீருக்காகவும் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் குகைக்குக் கூட்டிப் போங்கள். பெரியவர்களும் போங்கள். உங்கள் கிணற்றின் உட்புறத்தை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.